சொல்லாத சாவு

எங்கள் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், முருகனைவிடப் பெரிய சட்டத்தில் ஒரு பத்திரிகைத் துண்டு தொங்கியது. துண்டு என்னவோ உள்ளங்கை அளவுதான். அதைச் சுற்றி வெள்ளை அட்டை, மேலே கண்ணாடி, வெளியே தேக்குச் சட்டம் என்று அப்பா தாராளமாகச் செய்திருந்தார். துண்டில் தலைப்பாகை கட்டிய என் தாத்தாவின் முகம், மை பரவி, ஒரு காது காணாமல் இருக்கும். முகத்துக்கு மேலே ‘காலமானார்’ என்று தலைப்பு. கீழே ஏழெட்டு வரி. ஜவ்வாது மலை புதூர்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவரும், வனத்துறையில் காவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவருமான இன்னார், கணியம்பாடியில் உள்ள தமது இல்லத்தில் காலமானார். அன்னாருக்கு ஒரு மகனும் ஒரு பேத்தியும் உள்ளனர். அந்தப் பேத்தி நான். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியபோது நான் தடங்கல் இல்லாமல் வாசித்த முதல் விஷயம் அதுதான். வந்தவர்களிடம் எல்லாம் வாசித்துக் காட்டுவேன். சாவுச் சேதி என்பது மனதில் உறைக்காத வயது.

அப்பா கணியம்பாடியில் பத்திரிகை ஏஜெண்டாக இருந்தார். விடியும்போது வேலூரிலிருந்து வரும் முதல் பஸ், பத்திரிகைக் கட்டை ரோட்டோரம் போட்டுவிட்டுப் போகும். அதைப் பிரித்து சைக்கிளில் அடுக்கி, ஊர் ஊராகப் போட்டுவிட்டு வருவார். வாசிக்கப் பழகியது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் பத்திரிகை விற்பவர் என்பதால் ஊரில் அவரிடம்தான் எல்லாரும் உலக நடப்பைக் கேட்பார்கள். அவரும் சளைக்காமல் சொல்வார். பேப்பரில் வந்தால்தான் அது சேதி, மற்றதெல்லாம் சும்மா பேச்சு என்பது அவருடைய கட்சி. அவருடைய அப்பா செத்தபோது, தெரிந்த நிருபரைப் பிடித்து, படத்தோடு பேப்பரில் போட வைத்தார். கணியம்பாடியில் அதற்கு முன் அந்த மரியாதை கிடைத்தது ஒரு பண்ணையாருக்கும் ஒரு டாக்டருக்கும்தான். அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. துக்கத்தில்கூட அந்தப் பெருமை தெரிந்தது என்று அம்மா சொல்வாள்.

இதெல்லாம் எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பத்து வருஷத்துக்கும் மேலாக அந்தச் சட்டத்தைத் தூசி தட்டினோமே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது என் ஆசிரியர் பயிற்சி சீட்டு.

நான் பள்ளிப் படிப்பை முடித்து, வாத்தியார் வேலைக்குப் பயிற்சிப் பள்ளியில் மனுப் போட்டிருந்தேன். மலைவாழ் மக்களுக்கான இடத்தில் என் பெயர் வந்துவிட்டது. சேரும் நாளன்று சாதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். சான்றிதழில் எங்கள் ஆட்களை ‘மலையாளி’ என்று எழுதுவார்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று கணக்கு. கேரளாவுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் தாத்தா கல்யாணம் ஆன புதிதில் மலையை விட்டு இறங்கி, அமிர்தி காட்டில் காவலர் வேலைக்குச் சேர்ந்து, கணியம்பாடியில் குடியேறியவர். அப்பா பிறந்ததே கீழேதான். நாங்கள் மலையாட்கள் என்பதற்கு எங்கள் வாய் வார்த்தையைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வேலூர் தாலுகா அலுவலகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பூர்வீகம் எந்தத் தாலுகாவோ அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். பூர்வீகத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று நான் வேட்டைக்குக் கிளம்பினேன். அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அப்பாவின் பெயருக்கு நேரே சாதி என்ற இடத்தில் வெறும் ‘கவுண்டர்’ என்று எழுதியிருந்தது. மலையில் எல்லாருக்கும் அந்தப் பட்டம் உண்டு. கீழே வேறு எத்தனையோ பேருக்கும் உண்டு. அன்றைய வாத்தியாருக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. என் பள்ளிக்கூடத்திலும் அதையே பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். வனத்துறையில் தாத்தாவின் பழைய தாளைத் தேடிப் பிடித்தால், சொந்த ஊர் என்ற இடத்தில் கணியம்பாடி. கர்ணம், மணியக்காரர் பதவியெல்லாம் போய், கிராம அலுவலர்கள் வந்த புதிது அது. பழைய இறப்புப் பதிவேடு முன்னாள் மணியக்காரர் வீட்டுப் பரணில், நெல் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. அவர் பதவி போன கோபத்தை என்மேல் காட்டிவிட்டுத்தான் அதை எடுத்துக் கொடுத்தார். அதில் தாத்தா செத்த காரணம் ‘ஜுரம்’ என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லாருமே ஜுரத்தில்தான் செத்திருந்தார்கள். பிறந்த ஊர் எழுத அதில் இடமே இல்லை.

புதூர்நாடு என்று எழுதியிருந்த ஒரே காகிதம் எங்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி, பின்பக்க ஆணியைப் பிடுங்கி, துண்டை எடுத்தேன். அப்பா பக்கத்தில் நின்று “பாத்து, பாத்து” என்று பதறிக்கொண்டே இருந்தார். ஆனால் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். தான் செய்து வைத்தது கடைசியில் மகளுக்கு உதவுகிறது என்று வழியெல்லாம் பஸ்ஸில் யாரிடமாவது சொல்லிக்கொண்டே வந்தார்.

புதூர்நாடு அடங்கிய திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் வருவாய் ஆய்வாளரைப் பார்த்தோம். ஆர்.ஐ. என்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. துண்டை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாம்மா, பேப்பர்ல யார் வேணா இன்னா வேணா போட்டுக்கலாம். எனக்கு ஆள் வேணும்.”

“எந்த ஆள் சார்?”

“ஒங்க பங்காளிங்க. அப்பா வழி. அந்த ஊர்ல நின்னு, இவங்க எங்களவங்கன்னு எம்மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அடுத்த வாரம் நான் மேல வர்றேன். ஆளுங்கள நிக்க வையி. அவங்க சொன்னா நான் எழுதறேன், தாசில்தார் கையெழுத்துப் போட்ருவாரு.”

நான் துள்ளிக் குதிக்காத குறை. இவ்வளவுதானே என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் யாரிடமும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மலைக்குப் போக முடியாது என்றார். ஏன் என்று கேட்டால் சைக்கிளைத் துடைக்கப் போனார். நான் விடுகிற ஆள் இல்லை. கேட்டுக் கேட்டு, குரல் ஏறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்த பிறகு வாயைத் திறந்தார்.

“எங்கப்பா சாவுக்கு ஒருத்தன் வர்ல. கருமாதிக்காவது வருவானுங்கன்னு பாத்தேன். ஐயிரு ஏசுறாரு, பொழுது சாயுது, நான் ரோட்டப் பாத்துகினே ஒக்காந்திருந்தேன். ஒரு பய வர்ல. அவங்க காலப் புடிச்சி நான் கேக்கணுமா?”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவளும் மலைக்காரிதான், கிழக்குப் பக்கம், வேறு நாடு; மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. அவளுடைய அண்ணன் தம்பிகள் என்றால் நாளைக்கே பத்து பேர் வந்து நிற்பார்கள். ஆனால் ஆர்.ஐ.க்கு வேண்டியது அப்பா வழி.

“சொன்னாதான வருவாங்க” என்றாள் அம்மா.

“பேப்பர்ல போட்டேனே! படத்தோட போட்டேனே!”

“பேப்பர்ல போட்டீங்க. ஆள் அனுப்னீங்களா? அன்னிக்கே சொன்னேன், ஒரு ஆள மேல அனுப்புங்கன்னு. மழை, பஸ் இல்ல, பேப்பரு எல்லா ஊருக்கும் போவும்னீங்க.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு விஷயம் விளங்க ஆரம்பித்தது. மலையில் ஒரு சாவு என்றால் பங்காளி வீடுகளுக்கு ஆள் போய்ச் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்கு அடுத்தது என்பதற்கெல்லாம் வரிசை உண்டு. சொன்ன வீட்டுக்காரர் வராவிட்டால் அது அவர் குற்றம். சொல்லாத வீட்டுக்காரர் வந்துவிட்டால் அவருக்கு மானம் இல்லை என்று அர்த்தம். சொல்லாமல் விடுவது என்பது நீ எனக்குப் பங்காளி இல்லை என்று அறுத்து விடுவது. அப்பா அந்த வீடுகளையெல்லாம் ஒரே நாளில், தனக்கே தெரியாமல், அறுத்துவிட்டிருந்தார். அதற்கான அத்தாட்சியைத் தேக்குச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினேன். சோறு போட்டாலும் தட்டைத் தள்ளினேன். என் படிப்பு போனால் அதற்கு இவருடைய பேப்பர் பைத்தியம்தான் காரணம் என்று அம்மாவிடம், அவர் காதில் விழும்படி சொன்னேன். மறுநாள் அப்பா பத்திரிகைக் கட்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, “கெளம்புங்க” என்றார். அம்மாவும் வந்தாள். நல்ல வேளை வந்தாள்.

திருப்பத்தூரில் ஜீப்புக்கு வெகுநேரம் காத்திருந்தோம். ஆட்கள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். நிறைந்த பிறகும் எடுக்கவில்லை; பின்னால் தொங்க மூன்று பேர் தேறிய பிறகுதான் எடுத்தார்கள். என் மடியில் யாரோ ஒருவருடைய கோழி. கோழிக்கு மேலே, பிளாஸ்டிக் உறையில், பத்திரிகைத் துண்டு. புதூர்நாட்டில் இறங்கி, பெரியப்பாவின் ஊருக்கு நடந்தோம். வழியில் சாமை விளைந்த கொல்லைகள். அப்பா முன்னால் நடந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, ஊர் தெரியும்போது எங்கள் இருவருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

பெரியப்பா என்று நான் சொல்வது தாத்தாவின் அண்ணன் மகனை. அப்பாவைவிட மூத்தவர், அந்த ஊரில் அவர் சொல்தான் எடுபடும். நாங்கள் போனபோது பலா மரத்தடியில் புளி தட்டிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. பாயைக் காட்டினார். உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். பெரியப்பா கையிலிருந்த புளியை உதறிவிட்டு, நிதானமாகக் கேட்டார்:

“சித்தப்பா எப்பிடிகீறாரு? நல்லாகீறாரா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இவர் என்ன கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. படித்த திமிர் வேறு. சட்டென்று துண்டை எடுத்து நீட்டினேன்.

“தாத்தா செத்து ரொம்ப வருஷமாச்சு, பெரியப்பா. பேப்பர்லகூட வந்திச்சி. இதப் பாருங்க.”

அவர் அதை வாங்கவில்லை. அந்தப் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

“கொயந்தைக்கு இன்னா தெரியும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்தார். “அந்தக் காயிதம் எனக்குத் தெரியும்டா. சந்தையில கருவாடு வாங்கினு வந்தா, கட்டின காயிதத்துல சித்தப்பா மூஞ்சி. இன்னாத்துக்குப் போட்டுகீறாங்கன்னு வாத்தியார்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். அந்தக் கருவாட்ட யாரும் திங்கல. சரி, மழை, அத்தொட்டு ஆள் வர நேரமாவுது, இன்னிக்கி வருவான், நாளைக்கி வருவான்னு நானும் ஜீப்பு வர்ற பக்கமே பாத்தினு இருந்தேன். யாரு வந்தாங்க? அந்தப் பேப்பரு என் வூட்டு வாசல்ல வந்து நின்னு சொல்லிச்சா?”

கீழே அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நாட்களில் மேலே பெரியப்பாவும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

“எனக்கு யாரும் சொல்லல. அதனால எங்களுக்கு சித்தப்பா சாவல” என்றார் பெரியப்பா. “அம்மன் திருவிழாவுல கடா வெட்டிக் கூறு போடறப்ப அவரு கூறு இன்னிக்கி வரைக்கும் தனியா வுயுது. கேட்டுப் பாரு.”

கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். திருவிழாவில் வெட்டுகிற கடாவின் கறியை வீட்டுக்கு ஒரு கூறாகப் பிரிப்பார்கள். ஊரை விட்டுப் போனாலும் பங்காளிக்குக் கூறு உண்டு. செத்தவருடைய கூறு மகன் பேருக்கு மாறும். தாத்தாவின் கூறு மாறவே இல்லை. வருஷா வருஷம் இலையில் வைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வராததால் பெரியப்பா வீட்டில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியப்பா பேசி முடித்துவிட்டார் என்று தெரிந்தது. பெரியம்மா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். “குடிச்சிட்டு, சாப்ட்டுட்டுப் போங்க” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். விருந்தாளிக்குச் சொல்கிற மரியாதை அது. அப்பாவுக்கு நாக்கு வறண்டிருக்க வேண்டும். செம்பை நோக்கிக் கையை நீட்டினார். அம்மா குறுக்கே கையை வைத்துச் செம்பின் வாயை மூடினாள்.

“குடிக்காதீங்க” என்றாள். “எழுந்து வெளிய போங்க. போய்ச் சொல்லுங்க.”

சாவுச் சேதி கொண்டுவருகிறவர் அதைச் சொல்லி முடிக்கும் வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் அவர் விருந்தாளி. அவர் சொல்வது சேதியில் சேராது. இது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்து மறந்திருந்தது. அம்மாவுக்கு மறக்கவில்லை. பெரியம்மா செம்பை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

அப்பா எழுந்தார். பலா மரத்தைத் தாண்டி, வாசலின் எல்லையில் வேலிப் படல் இருக்கும் இடம் வரை போய், திரும்பி நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் அது கோணலாக நின்றது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. ஊர் முழுக்கச் சேதி சொல்லியே பிழைத்த மனிதர், தன் அப்பா செத்த சேதியை மட்டும் ஒருவரிடமும் வாயால் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிருபரிடம்கூட எழுதித்தான் கொடுத்திருந்தாராம்.

“அண்ணா” என்றார். “அப்பா போய்ட்டாரு, அண்ணா.”

பெரியப்பா எழுந்து நின்றார். “எப்பிடிடா?” என்று கேட்டார். குரலே மாறியிருந்தது.

“ஜொரம். நாலு நாளா ஒண்ணும் எறங்கல. சாமக் கஞ்சி வேணும்னாரு, கீழ எங்க கெடைக்குது சாமை... அரிசிக் கஞ்சி குடுத்தேன், வேணான்னுட்டாரு. கடேசில ஒங்க அப்பாவத்தான் கூப்ட்டாரு. அண்ணா, அண்ணான்னு. மேல போய்டலாமான்னு கேட்டாரு. நான்தான், ஒடம்பு தேறட்டும்னேன்...”

அதற்கு மேல் அப்பாவால் சொல்ல முடியவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்த ஏழெட்டு வரியை நான் ஆயிரம் தடவை வாசித்திருப்பேன். இதில் ஒரு வரிகூட அதில் இல்லை. பெரியப்பா போய் அவரைக் கட்டிக்கொண்டார். அந்த நொடியே உள்ளேயிருந்து பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். நேற்றுச் செத்த சாவுக்கு எழும் அதே குரல். அம்மா போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். நான் நின்றுகொண்டே அழுதேன். என் ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஆனால் மறுநாளே அது திரும்பி வந்துவிட்டது. நான் அப்படிப்பட்டவள்தான். சேதி கேட்ட பங்காளிகள் எல்லாரும் ஓடைக்குப் போய்த் தலைமுழுகினார்கள். மற்ற ஊர்களுக்கு ஆள் போயிற்று. வரிசைப்படி, விட்டுப்போன ஒவ்வொரு வீட்டுக்கும். அங்கிருந்து ஆட்கள் வந்து வந்து அழுதார்கள். தீட்டு என்று யாரும் கொல்லை வேலைக்குப் போகவில்லை. ஆர்.ஐ. வருகிற நாள் நெருங்குகிறது; ஊரை நிறுத்தி அவரிடம் பேச வைக்க வேண்டும்; இவர்கள் என் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் முணுமுணுத்தேன். “செத்தவருக்கு ஆவ வேண்டியது ஆவட்டும், ஒன் சீட்டு ஓடிப் போவாது” என்றாள். ஓடிப் போகும் என்பதுதான் என் பயமே. காரியத்தன்று பங்காளிகள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார்கள். அப்பா இரண்டாவது தடவையாகத் தன் அப்பாவுக்கு மொட்டை அடித்துக்கொண்டார். சாமைச் சோறு படைத்தார்கள். பெரியப்பா கூட்டத்தில் எழுந்து, இனி அந்தக் கூறு என் அப்பாவின் பேரில் விழும் என்று சொன்னார்.

அதற்கு மறுநாள் ஆர்.ஐ. வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியவர் புளிய மரத்தடியில் அத்தனை மொட்டைத் தலைகளைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

“இன்னாப்பா, ஊர்ல யாரு செத்தாங்க?”

“எங்க சித்தப்பா, சார்” என்றார் பெரியப்பா. அப்பாவைக் காட்டினார். “இவங்க அப்பா.”

ஆர்.ஐ. என்னைப் பார்த்தார், அப்பாவின் மொட்டையைப் பார்த்தார். “அந்தப் பேப்பர்ல வந்தவரா? அவரு செத்துப் பல வருஷம் ஆச்சேய்யா?”

“அது பேப்பருக்கு, சார். எங்களுக்கு இந்த வாரந்தான்.”

ஆர்.ஐ. பையிலிருந்து தாளை எடுத்தார். அவரும் ஊர்நாட்டில் பிறந்தவர்தானே. இவர்கள் உங்கள் பங்காளிகளா என்று கேட்பதற்காக வந்தவர், அதைக் கேட்கவே இல்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, கோப்பில் வைக்க அந்தப் பத்திரிகைத் துண்டு வேண்டும் என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

“வெச்சிக்குங்க சார்” என்றார் அப்பா. அவர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

சான்றிதழ் வந்தது. பயிற்சியில் சேர்ந்தேன். சுவரில் வெறும் சட்டம் கொஞ்ச நாள் தொங்கியது. பிறகு அம்மா முருகனை எடுத்து அதற்குள் வைத்துவிட்டாள். அவருக்குச் சட்டம் பெரிதுதான், ஆனாலும் பழகிவிட்டார். வருஷா வருஷம் திருவிழாவுக்கு அப்பா மலைக்குப் போய், கூறைத் தன் கையால் வாங்கி வந்தார். அதில் எலும்புதான் அதிகம் என்று அம்மா சொன்னால் கோபம் வரும். படித்து முடித்த எனக்குத் திருப்பத்தூருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடைக்கு எனக்குப் போன் வந்தது. அம்மா. அப்பா கட்டைப் பிரித்து சைக்கிளில் அடுக்கும்போதே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லையாம். நான் இதோ அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்றேன்.

“நீ இங்க வராத” என்றாள் அம்மா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “பேப்பர்ல போடட்டுமான்னு கேக்கறாங்க. அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்ட்டேன். நீ மொதல்ல மேல போ. ஒங்க பெரியப்பாவக் கூட்டினு வா. அதுக்கப்பறந்தான் எடுப்போம்.”

சாவுச் சேதி சொல்ல ஆண்கள்தான் போவார்கள். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அப்பா கிடந்த ஊருக்குப் போகும் பஸ் எனக்கு நேராக நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தேன். பிறகு எதிர்ப் பக்கம் நடந்து மலை ஜீப்பில் ஏறினேன். அன்றைக்கு ஆட்கள் நிறையும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். வழியில் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். வேண்டாம் என்றேன். அந்த வீட்டுத் தண்ணீர்தான் கூடாது, வழியில் குடிக்கலாம். ஆனாலும் எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

பலா மரத்துக்கு அந்தப் பக்கம், படல் பக்கத்தில், அப்பா நின்ற இடத்தில் போய் நின்றேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பெரியம்மா என்னைப் பார்த்ததும் “டீச்சரு வந்துகிது” என்று சிரித்துக்கொண்டே செம்போடு வந்தாள். நான் தலையை அசைத்தேன். பாதி வழியில் நின்றுவிட்டாள். செம்பு சாய்ந்து தண்ணீர் அவள் காலில் கொட்டியது. பெரியப்பா தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கிட்டே வரவில்லை. தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் வாயால் சொல்வதற்காக நின்றார்.

“பெரியப்பா” என்றேன். “அப்பா போய்ட்டாரு.”